தண்ணி விட்ட சாலடும் அத்தோ கடைப் பொடியும்

மூன்று மாதமாக எங்கள் வீட்டு மதியச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன். சோற்றுக்குப் பதில் கொஞ்சம் சிறுதானியம், அதைவிட அதிகமாகப் பச்சைக் காய், கூடவே பயறோ கடலையோ கருவாடோ ஏதாவது ஒன்று. எல்லாம் ஒரே டப்பாவில். காலையில் அடுப்பைப் பற்றவைக்காமல் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பதுதான் நான் போட்டுக்கொண்ட கணக்கு. சரியாக வந்ததை மட்டுமில்லாமல் கெட்டுப்போனதையும் சேர்த்தே எழுதுகிறேன். காலை நேரத்தில் என்னைப் போல ஓடுகிறவர்களுக்கு அதுதான் அதிகம் உதவும்.

நாங்கள் இருப்பது வடசென்னையில், காலடிப்பேட்டை. எனக்குப் பாரிமுனைப் பக்கம் கணக்கு எழுதும் வேலை, எட்டே முக்காலுக்கு மெட்ரோவைப் பிடித்தாக வேண்டும். வீட்டுக்காரருக்கு மணலியில் ஷிப்ட், வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். பையன் பதினொன்றாம் வகுப்பு. அத்தைக்குப் பத்து வருடமாக சுகர். மதியம் நான்கு பேரும் நான்கு இடத்தில் சாப்பிடுகிறோம், ஆனால் தட்டு ஒரே மாதிரிதான் இருந்தது: முக்கால் தட்டு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். ஒரு நாளைக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பொரியலைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஆளுக்கு 60 கிராம்கூடத் தேறவில்லை. அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன்.

முதல் வாரம் எனக்குத் தெரிந்த மாதிரி செய்தேன். காலை ஏழு மணிக்கு வெள்ளரிக்காய், தக்காளி, கேரட், வெங்காயம் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகும் தூவி, வெந்த சாமையோடு கலந்து மூடினேன். மதியம் ஒரு மணிக்குத் திறந்தால் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. சாமை அதில் ஊறிக் கஞ்சியாகிவிட்டது. தக்காளி விதை தனியே மிதக்கிறது. வெங்காய வாடை பக்கத்து மேஜை வரைக்கும் போனது. மறுநாள் வெங்காயத்தை விட்டேன், அதற்கடுத்த நாள் தக்காளியை விட்டேன். தண்ணீர் மட்டும் குறையவே இல்லை.

காரணம் உப்பு. நறுக்கிய காய் மேல் உப்பு பட்டால் காய்க்குள் இருக்கும் நீரை அது வெளியே இழுக்கும். ஊறுகாய் போடும்போது அதுதான் நமக்கு வேண்டும், டப்பா கட்டும்போது அதுவே எதிரி. வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். ஆறு மணி நேரம் உப்போடு மூடி வைத்தால் அது தண்ணீரை விடாமல் வேறு என்ன செய்யும்?

அத்தையோ டப்பாவைத் தொடவே மறுத்துவிட்டார். "பச்சையா துன்னா வயிறு இன்னாத்துக்கு ஆவும்மா? எனக்கு ரெண்டு கரண்டி சோறு போட்டுடு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தச் சொதசொதப்பை நானே பாதிதான் சாப்பிட்டிருந்தேன்.

வழி கிடைத்தது செகண்ட் லைன் பீச் ரோட்டு அத்தோ கடையில். அத்தோ என்றால் பர்மா நூடுல்ஸ். மண்ணடியில் ஒரு வேலையை முடித்துவிட்டு வரும்போது பையன் அத்தோ வேண்டும் என்றான். சின்ன வயசிலிருந்து சாப்பிடுகிற அத்தோதான், ஆனால் அன்றைக்குத்தான் அதைக் கலக்கும் கையைக் கவனித்துப் பார்த்தேன். தட்டில் நூடுல்ஸ். அதன் மேல் தலைமுடி மாதிரி அரிந்த பச்சை முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம். பூண்டு வறுத்த எண்ணெய் ஒரு சுற்று. ஒரு கைப்பிடி வறுத்த கடலை மாவு. பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை உள்ளங்கையிலேயே நொறுக்கித் தூவல், வறுத்த மிளகாய்த் தூள். கடைசியாகத்தான் புளித்தண்ணியும் உப்பும். விரல்களால் நாலு புரட்டு, தட்டு கைக்கு வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்த பிறகு தட்டின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஏண்ணா, இவ்ளோ கோஸ் போடறீங்க, தண்ணியே விடலையே?" என்று கேட்டேன்.

"கடலை மாவு போடறோம்ல கா, அது புளித்தண்ணிய இஸ்துக்கும். உப்ப முன்னாடியே போட்டா கோஸ் செத்துடும்."

எனக்கு வேண்டியதெல்லாம் இந்த இரண்டு வரியில் இருந்தது. அத்தோ என்ற பெயரே சாலடைக் குறிக்கும் பர்மியச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பிறகு கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. பச்சைக் காயையும் மாவுப் பண்டத்தையும் ஒன்றாகக் கலந்து, வெயிலில் வாடாமல், தண்ணீர் விடாமல் கொடுப்பதை அந்தக் கடைக்காரர்கள் எத்தனையோ வருடமாக ரோட்டோரத்தில் செய்கிறார்கள். அதை விட்டுவிட்டு நான் வேறு எங்கெல்லாமோ செய்முறை தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே நூடுல்ஸ் இருந்த இடத்தில் சாமையை வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்து, இப்போது நிலைத்திருக்கும் முறை இதுதான்.

நான்கு பேருக்கு ஒரு டம்ளர் சாமை போதும், 200 மில்லி டம்ளர். சாமையில் பொடிக்கல் இருக்கும், கழுவினால் மட்டும் போகாது, அரிக்க வேண்டும். நிறையத் தண்ணீர் விட்டு, பாத்திரத்தைச் சாய்த்து மெல்ல ஆட்டினால் தானியம் தண்ணீரோடு எழும்பும். எழும்பியதை மட்டும் இன்னொரு பாத்திரத்துக்குச் சரித்துக்கொண்டே போனால் கடைசியில் அடியில் நாலைந்து கல் மட்டும் நிற்கும். இதை நான் அத்தையிடம்தான் கற்றுக்கொண்டேன். என் கை வேகமாக ஆடி, கல்லும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தது. "தாலாட்டற மாதிரி ஆட்டும்மா" என்று என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

அரித்ததை வடிகட்டி, கனமான பாத்திரத்தில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஈரம் வற்றி வாசம் வரும்வரை மூன்று நிமிடம் வறுக்கிறேன். கொதிக்கிற தண்ணீர் இரண்டு டம்ளர் ஊற்றி, மூடி, சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அடுப்பை அணைத்த பிறகு மூடியைத் திறக்காமல் இன்னும் பத்து நிமிடம். குக்கரில் வைத்தால் குழைந்துவிடுகிறது. சோறாகச் சாப்பிட அது பரவாயில்லை, சாலடுக்கு ஆகாது. வெந்ததை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, முள்கரண்டியால் உதிர்த்து, ஃபேனுக்கடியில் கால் மணி நேரம் ஆற விடுகிறேன். சூட்டோடு டப்பாவில் போட்டால் ஆவி மூடியில் முட்டித் திரும்பத் தண்ணீராகச் சொட்டும். உப்பை அடக்கிய பிறகும் என் டப்பா நனைந்துகொண்டிருந்ததற்கு இதுதான் காரணம். பிடிபட ஒரு வாரம் ஆனது.

அடுத்தது காய். முட்டைக்கோஸ் கால் கிலோ, கேரட் இரண்டு, வெள்ளரிக்காய் ஒன்று. வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, நடுவில் இருக்கும் விதைச் சதையை ஸ்பூனால் வழித்து எடுத்துவிடுகிறேன், சீக்கிரம் தண்ணீர் விடுவது அதுதான். வழித்த சதை வீணாவதில்லை, மோரில் போட்டுக் குடிக்கலாம். தக்காளியை விட்டுவிட்டேன். பச்சையாகச் சாப்பிடுவதால் குழாய்த் தண்ணீரில் இரண்டு தடவை கழுவிவிட்டு, கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணீரில். எங்கள் பக்கம் அதைத் தவறவிடக் கூடாது.

கழுவிய கோஸை எப்படி உலர்த்துவது என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. வடிகட்டியில் அரை மணி நேரம் வைத்தும் ஈரம் போகவில்லை. பழைய வெள்ளை வேட்டி ஒன்றைத் துவைத்து நான்காகக் கிழித்தேன். அரிந்து கழுவிய கோஸை அதில் கொட்டி, நான்கு முனையையும் சேர்த்து முறுக்கிப் பிடித்து, மொட்டை மாடியில் நின்று கையை முழுசாகச் சுழற்றினேன். இருபது சுற்றில் தண்ணீரெல்லாம் துணி வழியாகச் சிதறி வெளியே போய்விட்டது. திறந்து பார்த்தால் கோஸ் கையில் ஒட்டாமல் சலசலவென்று உதிர்ந்தது. இப்போது அந்த வேலை பையனுடையது. காசு போட்டு எந்தக் கருவியும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

பொடி: பொட்டுக்கடலை கால் டம்ளர், காய்ந்த மிளகாய் மூன்று, சீரகம் அரை ஸ்பூன். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்ததுதான், அதனால் மிளகாயையும் சீரகத்தையும் மட்டும் வெறும் வாணலியில் வறுத்து மூன்றையும் மிக்ஸியில் திரித்துக்கொள்கிறேன். காற்றுப்புகாத பாட்டிலில் இரண்டு வாரம் நிற்கும். ஆளுக்கு ஒரு மேஜைக்கரண்டி வீதம் எடுத்து, பேப்பரில் மடித்து டப்பாவுக்குள் வைப்பேன்.

பூண்டு எண்ணெய்: பதினைந்து பல் பூண்டை மெல்லிய வில்லையாக அரிந்து, கடலை எண்ணெயில் சிறு தீயில் பொன்னிறம் வரும்வரை வறுத்து, பூண்டையும் எண்ணெயையும் தனித்தனியாக எடுத்து வைக்க வேண்டும். எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுகிறேன். பூண்டு ஊறிய எண்ணெயை வெளியே நாள்கணக்கில் விட்டால் அதற்குள் கொடிய விஷக் கிருமி வளர வாய்ப்பு உண்டு. வாசனையில் தெரியாது என்பதால் இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எண்ணெயே வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கேரட்டில் இருக்கும் சத்து உடம்பில் சேர கொஞ்சமாவது கொழுப்பு வேண்டும். ஆளுக்கு ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான்.

எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், உப்பு மூன்றையும் ஒரு சின்னக் குப்பியில் அடைத்துத் தனியே வைத்துவிடுகிறேன். ஆபீஸில் டப்பாவைத் திறந்து, முதலில் எண்ணெய் விட்டுப் புரட்டி, பிறகு பொடி தூவி, கடைசியாகக் குப்பியைக் கவிழ்த்துக் கலக்க இரண்டு நிமிடம். எண்ணெய் முதலில் காயைப் பூசிக்கொள்வதால் உப்பு உடனே பிடிப்பதில்லை. பொடி புளிப்பை இழுத்துக்கொண்டு காய் மேல் ஒட்டுகிறது. முதல் நாள் இந்த வரிசையில் கலந்து ஒரு வாய் வைத்தபோது கோஸ் பல்லில் நறுக்கென்று பேசியது. பக்கத்து மேஜை அக்கா அன்றைக்கே செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டார்.

இதற்கு மேல் சென்னாகுனி, அதாவது பொடி இறால் கருவாடு, சேர்த்தால் எங்கள் வீட்டு ஆண்களுக்குத் திருப்தி. வெறும் வாணலியில் சிறு தீயில் வறுத்து, ஆறிய பிறகு முறத்தில் புடைத்தால் தூசியும் மீசையும் பறந்துவிடும். ஒரு கைப்பிடி போதும். கருவாட்டு உப்பு அதில் இருப்பதால் குப்பியில் உப்பைப் பாதியாக்கிவிட வேண்டும்.

முளைகட்டிய பயறு எனக்குச் சரியாகப் பாடம் கற்றுக்கொடுத்தது. பச்சைப்பயறை இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் துணியில் கட்டித் தொங்கவிட்டு வேலைக்குப் போனேன். ராத்திரி வந்து பார்த்தபோது முளை விட்டிருந்தது, மறுநாள் காலைக்கு இருக்கட்டும் என்று அப்படியே விட்டேன். காலையில் மூட்டையை அவிழ்த்தால் விரலில் பிசுபிசுவென்று இழுத்தது. புளித்த சாக்கு மாதிரி நாற்றம். அரைக் கிலோ பயறையும் கொட்டினேன். பயறு முளைக்க வேண்டிய சூடும் ஈரமும்தான் கிருமிக்கும் வேண்டியது. நம் ஊர்ச் சூட்டில் இருபத்து நாலு மணி நேரம் அலசாமல் கட்டி வைத்தது என் தவறு. இப்போது எட்டு மணி நேரம் ஊறல், தண்ணீரை ஒட்ட வடித்துத் துணியில் பத்து மணி நேரம், நடுவில் ஒரு தடவை அலசல். முளை அரை அங்குலம் ஆகும்வரை காத்திருப்பதில்லை, மூக்கு எட்டிப் பார்த்தாலே போதும். பிறகு இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி. முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்து என்று சொல்வார்கள். வயசானவர்களும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கிற வீட்டில் அப்படிக் கொடுக்க நான் துணிய மாட்டேன். ஆவி காட்டிய பிறகும் பயறு நறுக்கென்றுதான் இருக்கிறது.

பயறில் இரும்புச்சத்து உண்டு, எலுமிச்சை அதை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். டீ தடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டிருக்கிறேன். எனக்கு அதுதான் இந்த மூன்று மாதத்தில் ரொம்பக் கஷ்டமான வேலை.

கம்பு இரண்டு தடவை வேகாமல் ஏமாற்றியது. முழுக் கம்பை அரை மணி நேரம் ஊறவைத்தால் ஒன்றும் ஆகாது. ராத்திரி ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் விட்டு, குக்கரில் ஏழு விசில் விட்ட பிறகுதான் மெல்லுகிற பதம் வந்தது. சாமை மாதிரி உதிராது, முத்து முத்தாக நின்று கடிபடும். அதற்குக் கிளிமூக்கு மாங்காயும் நெத்திலிக் கருவாடும் அப்படி ஒரு பொருத்தம். நெத்திலியின் தலையைக் கிள்ளி, வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு மண் போக மூன்று தடவை அலசி, பிழிந்து, கொஞ்சம் எண்ணெயில் மொறுமொறுவென்று வறுக்க வேண்டும். மாங்காயைத் தீக்குச்சி கனத்தில் அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்தால் வேறு உப்பும் புளிப்பும் வேண்டாம். மாங்காயே புளிப்பு, கருவாடே உப்பு. வீட்டுக்காரர் காசிமேட்டுக்காரர், கருவாட்டில் குறை கண்டுபிடிக்கிறவர். நைட் ஷிப்ட் முடிந்து வந்து நின்றபடியே ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கும் இதையே கட்டிடு" என்றார்.

குதிரைவாலியும் சாமையும் ஏறக்குறைய ஒரே செய்முறைதான், அதனால் தனியாக எழுதவில்லை. கொண்டைக்கடலை சுண்டல் மிஞ்சுகிற நாளில் அதோடு குதிரைவாலி, வெள்ளரி, தேங்காய்ப் பல். பீட்ரூட் எல்லாவற்றையும் சிவப்பாக்கியதால் விட்டுவிட்டேன்.

தானியம், பயறெல்லாம் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் வாங்குகிறேன். காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் கொத்தவால் சாவடியைச் சுற்றி மளிகை வியாபாரம் இன்னும் இருக்கிறது. மூட்டையிலிருந்து அள்ளிக் கையில் வைத்து ஊதிப் பார்த்து வாங்கலாம். தவிடு நீக்கிப் பளபளப்பாக இருக்கும் சாமையைவிட, கொஞ்சம் மங்கலாக இருப்பதைக் கேட்டு வாங்குவேன். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: சிறுதானியமும் மாவுச்சத்துதான். சுகருக்கு நல்லது என்று சொல்லி மூன்று கரண்டி சோற்றுக்குப் பதில் மூன்று கரண்டி சாமை போட்டால் தட்டு அப்படியேதான் இருக்கும். எங்கள் டப்பாவில் பாதி காய், கால் பங்கு தானியம், கால் பங்கு பயறு அல்லது கருவாடு. அளவு மாறியதுதான் எனக்கு முக்கியம்.

நேரம் பற்றிக் கேட்பார்கள். ஞாயிறு மாலை ஐம்பது நிமிடத்தில் பொடி, எண்ணெய், வேக வைத்த தானியம், அரிந்து உலர்த்திய கோஸ் எல்லாம் தயார். காலையில் கட்ட எட்டு நிமிடம். ஆனால் வெந்த தானியத்தை வாரம் முழுக்க வைப்பதில்லை. ஆறியதும் ஃப்ரிட்ஜில் போய்விட வேண்டும், இரண்டு நாளில் தீர வேண்டும், பிறகு புதனன்று மறுபடி ஒரு டம்ளர். வெந்த சோற்றிலும் தானியத்திலும் வேகவைத்தாலும் சாகாத கிருமி விதைகள் உண்டு. வெளியே நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் அவை பெருகிவிடும். அவை விடும் விஷம் திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. ஆபீஸில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது, போனதும் டப்பாவை அதில் வைத்துவிடுகிறேன். பையன் பள்ளியில் அந்த வசதி இல்லை. அதனால் அவனுக்கு மட்டும் தானியத்தைக் காலையில் வெந்த சூட்டோடு ஹாட்பாக்ஸிலும், காயைத் தனி டப்பாவிலும் கட்டுகிறேன். சாப்பிடும்போது அவனே கலந்துகொள்கிறான்.

அத்தை எப்போது மாறினார் என்று குறித்து வைக்கவில்லை. ஒரு நாள் நான் கத்தியால் கோஸ் அரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இவ்ளோ தடியாவா அரிவாங்க, அதான் மெல்ல முடியல" என்று அருவாமனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோஸைக் கால் பாகமாகப் பிளந்து, தண்டை வெட்டி எறிந்து, இலையை இறுக்கிப் பிடித்து அலகில் தள்ளிக்கொண்டே வந்தார். நூல் நூலாக விழுந்தது. அந்தக் கோஸை அவரும் சாப்பிட்டார், பல்லுக்குச் சிரமமே இல்லை. அவர் பங்குக் கேரட்டை மட்டும் துருவி, பயறை இன்னும் கொஞ்சம் வேகவிட்டுக் கொடுக்கிறேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கோஸ் அவருடைய வேலை.

இந்த வாரம் வாழைத்தண்டு. அத்தோவுக்குக் கூடவே தரும் தண்டு சூப்பைக் குடித்தபோது தோன்றிய யோசனை, இதைப் பச்சையாகவே போட்டால் என்ன என்று. காலடிப்பேட்டை மார்க்கெட்டில் இளசாக ஒரு முழம் வாங்கி வந்தேன். வில்லையாக அரிய அரிய நூல் எழும்புகிறது, ஒவ்வொரு வில்லைக்கும் அதை விரலில் சுற்றி இழுக்க வேண்டியிருக்கிறது. பொடியாக அரிந்ததைக் கறுக்காமல் இருக்க நீர்மோரில் போட்டேன். அதற்குள் அத்தை பால்கனியில் இருந்து புதுத் துடைப்பக் குச்சி ஒன்றை உருவிக் கழுவிக்கொண்டு வந்து, மோருக்குள் விட்டு ஒரே பக்கமாகச் சுழற்றினார். தூக்கிக் காட்டியபோது மிச்ச நாரெல்லாம் குச்சி நுனியில் வெள்ளைப் பந்தாகச் சுற்றியிருந்தது. "இன்னும் கீது, வடிச்சுடாதே" என்று மறுபடியும் குச்சியை மோருக்குள் விட்டார்.